காசு வாங்கிக்கொண்டு காட்டும் அன்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவியல் சிகிச்சை பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மணிக்கணக்குப் பார்த்துக் காசு வாங்குபவர் காட்டுகிற அக்கறை எப்படி உண்மையான அன்பாக இருக்க முடியும் என்று கட்டுரையாளர் கேட்கிறார். அப்படிக் காசு கொடுத்து உட்கார்ந்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

தம்பி இறந்த பிறகுதான் சிகிச்சைக்குப் போனேன். வீட்டில் அவன் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார். என் சிகிச்சையாளர் முதல் நாளிலேயே, "உங்கள் தம்பி எதற்கெல்லாம் சிரிப்பார்?" என்று கேட்டார். எப்படி இறந்தான் என்றுதான் அதுவரை எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

சில மாதங்களில் அவர் மேல் எனக்குக் காதல் வந்துவிட்டது. அவரைப் பார்க்கப் போகிற நாளில் எந்த உடை உடுத்துவது என்று காலையிலிருந்தே யோசிப்பேன். ஒருநாள் சொல்லியும்விட்டேன். அவர் பதறவில்லை, பேச்சை மாற்றவும் இல்லை. "இந்த அறைக்கு வெளியே நமக்குள் எந்த உறவும் இருக்காது, அது உறுதி. ஆனால் இந்த உணர்வைப் பற்றி நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் இங்கே பேசலாம்" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாரக்கணக்கில் அவரைக் குத்திக்குத்திப் பேசினேன். அதையும் கேட்டுக்கொண்டு அடுத்த வாரம் அதே நேரத்துக்கு எனக்காகக் காத்திருந்தார். நான் அழுதால் எழுந்து போகாத ஒருவருக்காகச் சின்ன வயதிலிருந்தே ஏங்கியிருக்கிறேன் என்பது அப்புறம்தான் மெல்ல மெல்லப் பிடிபட்டது.

பிறகு தேடிப் படித்தபோது இது எவ்வளவு பழைய விஷயம் என்று தெரிந்தது. இந்தச் சிகிச்சை சாராம்சத்தில் அன்பின் வழியாகக் குணப்படுத்துவதுதான் என்று, பேச்சின் வழியாக மனதை ஆராயும் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃபிராய்டு 1906இலேயே மனநல மருத்துவர் யுங்குக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நோயாளிக்குச் சிகிச்சையாளர் மேல் வருகிற காதலைப் பற்றி 1915இல் தனிக் கட்டுரையே எழுதினார். அதை அடக்கச் சொல்லவும் கூடாது, அதற்கு இணங்கவும் கூடாது என்பது அவர் நிலை. அதே சமயம் அதைப் போலி என்று தள்ளிவிட முடியாது என்றும் ஒப்புக்கொண்டார். அந்த வரியைப் படித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். தோழியிடம் மனம்விட்டு அழுதால், அவள் கஷ்டத்தையும் நான் கேட்க வேண்டும். அதுதான் நியாயம். ஆனால் அன்றைக்கு எனக்கு அதற்குத் தெம்பில்லை. கட்டணத்தைக் கொடுத்தவுடன் என் கடன் தீர்ந்தது. நன்றி காட்ட வேண்டாம், அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டாம், நல்லவளாக நடந்துகொள்ளவும் வேண்டாம். நான் கொடுத்தது அவருடைய நேரத்துக்கு. அந்த நேரத்தில் அவர் மனம் வைத்துக் கேட்டாரே, அதை எந்தக் கட்டணத்தாலும் வாங்க முடியாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிற ஒருவரிடமும் நான் போயிருக்கிறேன். கட்டணம் என்னவோ ஒன்றுதான்.

அன்பு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. எதற்காகச் சந்திக்கிறோம், அதற்கு என்ன செய்யப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு வேண்டும். அந்த உடன்பாடும் இருவருக்கும் இடையிலான பிணைப்பும் சேர்ந்ததுதான் சிகிச்சை உறவு என்று உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் விளக்கினார். கிட்டத்தட்ட 300 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றும் இந்த உறவு பலமாக இருக்கிற இடத்தில் சிகிச்சையின் பலனும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. தொடர்பு மிதமானதுதான். ஆனாலும் வெவ்வேறு சிகிச்சை முறைகளிலும் அது தென்பட்டது.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்றுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. என் நிலையில் இருந்தவளை ஏமாற்றுவது மிகச் சுலபம். வெளியே சந்திக்கலாம் என்று அவர் கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேன். சிகிச்சையில் இருப்பவரோடு பாலுறவு கூடவே கூடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை தடுக்கிறது. சிகிச்சை முடிந்து குறைந்தது 2 ஆண்டுகளுக்கும் அந்தத் தடை உண்டு. அதன் பிறகும் மிக அபூர்வமான சூழலில் தவிர அனுமதி இல்லை. நோயாளியே விரும்பினாலும் மறுக்க வேண்டியது சிகிச்சையாளரின் பொறுப்பு.

இதைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிடுங்கள். 'இதை யாரிடமும் சொல்லாதே' என்று சிகிச்சையாளர் சொன்னால் அந்த இடத்தை விட்டு வெளியேறிப் புகார் செய்ய வேண்டும் என்பதை அதில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி