சபையைப் பிரியுங்கோ, ஆணைக்குழுவின்ர கையைக் கட்டாதேங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மின்சார சபையை நாலு கம்பனியாப் பிரிக்கிறதைப் பற்றி உங்கட பேப்பரில தொடர்ந்து வாசிச்சு வாறன், எழுதுற ஆக்கள் எல்லாம் விக்கப் போகினமோ இல்லையோ எண்டதிலயே நிக்கினம், எனக்கு வேற ஒரு விசயம்தான் மனசை அரிக்குது. நான் சுன்னாகப் பக்கம் சின்னதா ஒரு மில் வைச்சிருக்கிறன், மிளகாயும் மாவும் அரைக்கிறது, கரண்ட் பில்லைப் பாத்துத்தான் அந்த மாசம் எனக்கு மிஞ்சுமோ எண்டு தெரியும்.

1969 இல தொடங்கின சபை, உற்பத்தி, பெரிய லைன், வீட்டு லைன் எல்லாம் ஒரே கையில. 2002 இலயே பிரிக்கச் சட்டம் போட்டவை, நடக்கேல்லை. பிறகு 2024 இல 36ஆம் இலக்கச் சட்டம், ஆட்சி மாறி 2025 ஓகஸ்டில அதுக்குத் திருத்தம், நாலு கம்பனியும் அரசாங்கத்தின்ர கையிலதான் இருக்கும் எண்டு சொல்லியிருக்கினம். எந்த இடத்தில காசு ஒழுகுது எண்டு இனியாவது தனித்தனியாத் தெரியும், அதால நான் பிரிக்கிறதுக்கு எதிரி இல்லை. இது புதுசுமில்லை, கொழும்பைச் சுத்தியும் காலி மட்டும் கரையோரத்திலயும் லெக்கோ எண்ட வேற ஒரு கம்பனி 1983 இல இருந்து சபையிட்ட கரண்ட் வாங்கித்தானே சனத்துக்குக் குடுக்குது.

ஆனா கணக்குத் தெரிஞ்சா மட்டும் போதுமோ, அதைப் பாத்துக் கேள்வி கேக்கிற ஆளுக்குப் பலம் வேணும். 2014 இல கட்டணத்தைக் குறைச்ச பிறகு 2022 ஓகஸ்ட் மட்டும் ஏத்தாமப் பொத்தி வைச்சவை, பிறகு ஒரேயடியா சராசரி 75 வீதம், அடுத்த பெப்ரவரியில இன்னும் 66 வீதம். மாசம் 30 யூனிட்டுக்குள்ள பாவிக்கிற சனத்துக்கு யூனிட் 2 ரூபா 50 சதமா இருந்தது 8 ரூபாவாகி, அரை வருசத்தில 30 ரூபாவாச்சு, குப்பி விளக்குக்குத் திரும்பின வீடுகளை நான் கண்ணால கண்டனான். சபை கேக்கிற கட்டணத்தைப் பாத்து ஓம், இல்லை எண்டு சொல்லுறது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, அந்த ஏத்தத்தை எதிர்த்து நிண்ட அதின்ர தலைவர் ஜனக ரத்நாயக்கவை 2023 மே மாசம் பாராளுமன்றம் 123க்கு 77 எண்டு வாக்கெடுத்து நீக்கிச்சு. அவரில பிழை இருந்துதோ எண்டு நான் வாதாட வரேல்லை, இனி அந்தக் கதிரையில இருக்கிற ஆள் துணிஞ்சு வாய் திறப்பாரோ எண்டுதான் கேக்கிறன்.

திறக்கவும் செய்திருக்கினம், அதையும் சொல்லத்தான் வேணும். 2025 ஜனவரியில கட்டணம் குறைக்கத் தேவையில்லை எண்டு சபை சொல்ல, ஆணைக்குழு 20 வீதம் குறைச்சது, ஒக்டோபரில சபை கேட்ட 6.8 வீத ஏத்தத்தை மறுத்தது. இடையில ஜூனில 15 வீதம் ஏறினதும் உண்மை, செலவுக்கேத்த கட்டணம் வேணும் எண்டு நாட்டுக்குக் கடன் குடுக்கிற ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) பின்னால நிக்குது.

எங்கட ஊர்க்காரருக்கு இது வெறும் பில் கதையில்லை. இஞ்ச தனியார் கம்பனி ஒண்டு எண்ணெயில கரண்ட் எடுத்தது, கிணத்துத் தண்ணியில எண்ணெய் கலந்தது, கண்காணிக்கோணும் எண்டு சட்டத்தில இருந்த ஆக்கள் கண்காணிக்கேல்லை, கடைசியில 2019 இல உயர் நீதிமன்றம்தான் 2 கோடி ரூபா நட்டஈடு குடு எண்டு சொன்னது. அவ்வளவு வருசம் பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணி கானில தூக்கின சனம் நாங்கள். இனி காத்தாடி, சோலார் எண்டு இன்னும் எத்தினை தனியார் வருவினம், ஆர் பாக்கிறது?

அதால அரசாங்கத்திட்ட நான் கேக்கிறது இதுதான். ஆணைக்குழு ஆக்களை நீக்கிறதெண்டா முதல்ல ஒரு நீதிபதி விசாரிக்கோணும், வெறும் பெரும்பான்மை வாக்கால முடியக்கூடாது. கட்டணக் கணக்கு முழுக்க தமிழில, கருத்துக் கேக்க வாறதுக்கு ஒரு மாசம் முதலே எங்கட கைக்கு வரோணும். லைன் போனா நாலு கம்பனியில எதுக்கு அடிக்கிறதெண்டு அலையாம ஒரே நம்பர் தாங்கோ.

இப்படிக்கு,
ஒரு மில்காரன்,
சுன்னாகம்.