கிளுவை வேலி இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. பெரியாறு கால்வாய்த் தண்ணீரும் கண்மாய்க்கு வந்துவிட்டதால் நட்ட வயலைப் பற்றிக் கவலை இல்லை. நீ சொன்ன வேலி விஷயத்துக்கு வருகிறேன். போனில் பேசினால் பாதியில் "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

மயில் தொல்லைக்காக, வேலியாக நிற்கிற கிளுவைச் செடிகளை வெட்டிவிட்டுக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பிவலை அடிக்கலாம் என்கிறாய். மயில் பறக்கும்டா தம்பி. பொழுது சாய்ந்தால் புளியமரத்து உச்சியில் போய் அடைகிற பறவைக்கு ஆறடி வலை எம்மாத்திரம்? விதைத்த கடலையை அது கிளறித் தின்பது உண்மைதான். விரட்டலாம், அவ்வளவுதான். 1972ஆம் வருஷச் சட்டப்படி அதன்மேல் கை வைத்தால் ஜெயில். வலை போட்டால் உள்ளே வர முடியாமல் போவது கீரிதான். சாரைப்பாம்புக்கோ அந்தக் கிளுவைத்தூர்தான் வீடு. இவை இரண்டும் இல்லாவிட்டால் எலி நெல் தூரைக் கடித்துத் துண்டு துண்டாகப் போட்டுவிடும்.

அப்பா நட்ட கையோடு வயலில் இங்கிலீஷ் "T" எழுத்து மாதிரிக் கம்பு ஊன்றிவிட்டார். பகலில் கரிச்சான் குருவி அதில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கிறது, ராத்திரி ஆந்தை வந்து எலியைப் பார்த்துக்கொள்கிறது. கதிர் பால் பிடிக்கும்போது மறக்காமல் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் நெல் தின்கிற குருவிகளுக்கு நாமே பாய் விரித்த கதை ஆகிவிடும். இவ்வளவு தெரிந்த மனுஷனுக்கும் உள்ளுக்குள் கம்பிவலை ஆசை உண்டு, சொல்ல மாட்டார்.

அப்புறம், ஆறுமணிக்குருவி வந்துவிட்டது. இமயமலை அடிவாரத்திலிருந்து வருகிற குருவி அது. பங்குனி, சித்திரையில்தான் திரும்பிப் போகும். விடிகிற நேரமும் சாயங்காலமும் ரெட்டைச் சீட்டி அடிக்குமே, சின்ன வயசில் யாரோ பையன் கூப்பிடுகிறான் என்று நீ எழுந்து ஓடுவாய். நேற்று மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவள் அப்படியே குத்த வைத்துப் பார்த்தேன். பச்சை முதுகு, இறக்கையில் பளிச்சென்று ஒரு துண்டு நீலம், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. வால் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அந்தக் கட்டை வாலையும் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தது. அலகால் ஒரு சருகைத் தள்ளும், நின்று கவனிக்கும், அடுத்த சருகைத் தள்ளும். ஒரு மண்புழுவைப் பாதி இழுத்து, அது உள்ளே இழுக்க, இது வெளியே இழுக்க, கடைசியில் குருவிதான் ஜெயித்தது. கிளுவைக்கு அடியில் இத்தனை வருஷமாக மக்கிக் கிடக்கிற சருகில்தான் அதற்குச் சாப்பாடு. கல்லுக்காலுக்கு அடியில் என்ன கிடைக்கும்?

வாலாட்டிக்குருவியும் வரப்புக்கு வந்துவிட்டது. ஈசல் ஒரு ராத்திரி புறப்பட்டது, வறுத்துத் தின்ன இப்போது வீட்டில் ஆள் இல்லை.

நம் பக்கத்து அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றதும் மேலூர்ப் பக்கமே எதிர்த்துத் திரண்டது. 2025 ஜனவரியில் சுரங்க ஏலம் ரத்தானபோது அந்த மலை வல்லூறு படம் போட்டு ஸ்டேட்டஸ் வைத்தவன் நீ. மலைக்கு ஒரு நியாயம், உன் அப்பத்தா கிளையை வெட்டிப் போத்தாக ஊன்றி வளர்த்த வேலிக்கு ஒரு நியாயமா?

ரோட்டுப் பக்கம் மட்டும் வேலி செத்துப்போய் ஆடு நுழைகிறது. அங்கே கம்பி கட்டலாம், மற்ற இடைவெளிக்கு மழை ஈரத்திலேயே புதுப் போத்து ஊன்றச் சொல்லியிருக்கிறேன். வலைக்கு என்று வைத்த பணத்தை அனுப்பு, கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும். தை அறுப்புக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை.

அம்மா