மாசிடோனிய அரசுரிமைப் போர்கள் குறித்த தமிழ் நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

போரஸுடன் அலெக்சாண்டர் செய்த போரைப் பள்ளியிலேயே படித்துவிடும் நாம், கி.மு. 323-இல் பாபிலோனில் அவன் இறந்தபின் அவன் குடும்பத்துக்கு நேர்ந்ததைப் பெரும்பாலும் படிப்பதில்லை. அவன் தந்தை இரண்டாம் பிலிப் மாசிடோனியாவில் ஆட்சிக்கு வந்த கி.மு. 359 முதல் அந்த அரச குலம் அழிந்தது வரையிலான வரலாற்றை, டியோடோரஸ், புளூடார்க் முதலிய கிரேக்க எழுத்தாளர்களின் பழைய நூல்களை ஒப்புநோக்கித் தமிழில் எழுதி முடித்திருக்கிறோம். அதை அச்சிடவே உங்கள் உதவியை நாடுகிறோம்.

மூத்த மகனுக்கே முடி என்ற உறுதியான விதி, கிரேக்கத்தின் வடபகுதியில் இருந்த மாசிடோனியாவில் இல்லை. மன்னர்கள் பல மணம் புரிந்தனர். அரச குலத்து ஆண் எவனும் படையின் ஆதரவைப் பெற்றால் அரியணை ஏறலாம் என்பதால், ஏறியவன் மற்றவர்களை உயிரோடு விட அஞ்சினான். பிலிப் விட்டுவைத்த அண்ணன் மகன் அமிந்தாஸை, கி.மு. 336-இல் பிலிப் கொலையுண்டபின் அலெக்சாண்டர் கொல்வித்தான்.

அலெக்சாண்டருக்குப் பின் நடந்தவை இதனினும் கொடியவை. ஆளும் திறனற்றவன் என்று கருதப்பட்ட, வேறு தாய்க்குப் பிறந்த சகோதரன் அரிடேயஸும், அலெக்சாண்டர் இறந்தபின் அவன் மனைவி ரொக்சானா பெற்ற ஆண் குழந்தையும் அரசர்களாக அறிவிக்கப்பட்டனர்; அதிகாரமோ தளபதிகளிடம் இருந்தது. கி.மு. 317-இல் அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸ், அரிடேயஸைக் கொல்வித்து, அவன் மனைவி யூரிடிசியைத் தற்கொலைக்குத் தள்ளினாள். பித்னா நகரை முற்றுகையிட்டு ஒலிம்பியாஸைப் பிடித்த தளபதி கசாண்டர், அவளையும் கொல்வித்தான். கி.மு. 311-இல் தளபதிகள் செய்துகொண்ட உடன்படிக்கை, ரொக்சானாவின் மகன் உரிய வயதை எட்டும்வரை கசாண்டரே ஐரோப்பாவின் தளபதி என்றது. அந்த வாசகமே சிறுவனுக்கு எமனாயிற்று என்பது எங்கள் கருத்து. ஆம்பிபோலிஸ் நகரில் காவலில் இருந்த தாயும் மகனும் சில ஆண்டுகளுக்குள் இரகசியமாகக் கொல்லப்பட்டனர். வெற்றி வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடும் இந்தப் பெண்களும் குழந்தைகளுமே எங்கள் நூலின் நடுவில் நிற்கிறார்கள்.

பிலிப், அலெக்சாண்டர், கிளியோபாட்ரா என்னும் பெயர்கள் தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வருவதால், குலமரபுப் பட்டியல்களும் வரைபடங்களும் இன்றி இவ்வரலாற்றைப் பின்தொடர இயலாது. 1977-இல் வட கிரேக்கத்தின் வெர்கினாவில் அகழப்பட்ட அரச கல்லறை பிலிப்புடையதா, அரிடேயஸுடையதா என்ற விவாதத்தை விளக்க வண்ணப் படங்களும் தேவை. செலவில் பெரும்பகுதி இவற்றுக்கே ஆகிறது.

எவ்வளவு சிறிய தொகையாயினும் நன்றியுடன் ஏற்போம். நன்கொடை அளிக்க விரும்புவோர் குழுவின் பொருளாளரிடம் செலுத்திப் பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ளலாம். அச்சுச் செலவு போக எஞ்சும் பணத்தில், ஊர்ப்புற நூலகங்களுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் நூலை இலவசமாக அனுப்புவோம். வரவு செலவுக் கணக்கை நன்கொடையாளர் அனைவருக்கும் எழுத்தில் அளிப்போம்.

இங்ஙனம்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்