நாப்ளஸ் சோப்பும் செய்திதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலஸ்தீனம் என்றாலே நம் பத்திரிகைகளில் இடிந்த கட்டடமும் புகையும்தான். அந்தச் செய்திகள் வர வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே சமைத்து, தைத்து, அறுவடை செய்து வாழ்கிறவர்களைப் பற்றி ஒரு பத்தியாவது வரக்கூடாதா?

பாலஸ்தீனத்தின் மேற்குக் கரைப் பகுதியில் அக்டோபர், நவம்பர் வந்தால் ஆலிவ் பறிப்பு. குடும்பமே தோப்புக்குப் போய்விடும். மரத்தடியில் துணியை விரித்து, கையால் உருவியும் கழியால் தட்டியும் காய்களை உதிர்ப்பார்கள். அங்கேயே விறகு மூட்டித் தேநீர். புது எண்ணெய் வந்ததும் ரொட்டி, வதக்கிய வெங்காயம், புளிப்பான சுமாக் தூள், கோழி எல்லாம் சேர்த்து முசக்கான் செய்வார்கள். இஸ்ரேலியக் குடியேறிகளின் தாக்குதலாலும் இஸ்ரேல் ராணுவத்தின் தடையாலும் சொந்தத் தோப்புக்கே போக முடியாத குடும்பங்கள் பல. அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

அங்குள்ள நாப்ளஸ் நகரில் அதே எண்ணெயில் சோப்பு காய்ச்சுகிறார்கள். எண்ணெய், தண்ணீர், சோடாக் காரம், அவ்வளவுதான். குழம்பை மாடித் தளம் முழுக்க ஊற்றிப் பரப்பி, ஆறியதும் கோடு போட்டு வெட்டி, முத்திரை குத்தி, காற்றுப் போக இடம்விட்டுக் கோபுரமாக அடுக்கிக் காயவைப்பார்கள். 2021இல் பாலஸ்தீனப் பூத்தையலையும், 2023இல் தப்கே நடனத்தையும், 2024இல் இந்தச் சோப்பையும் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மூன்றுமே நம் பேப்பரில் படித்த நினைவில்லை. கிரிக்கெட் வீரர் முடி வெட்டிக்கொண்டது மட்டும் படத்தோடு வந்தது!

ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும்.

– ஒரு வாசகி, திருநெல்வேலி