கயாக்குகளை விடியலுக்கு முன் இறக்க விடுங்கள்: ஏரி நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

கயாக் என்னும் ஒடுங்கிய சிறு துடுப்புப் படகில் உட்கார்ந்து ஏரிப் பறவைகளைப் படமெடுப்பவர்கள் நாங்கள். துடுப்புப் படகுகளை இனிக் காலை 9 மணிக்குமேல்தான் இறக்கலாம் என்று படகுத்துறையில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்தோம். அதற்கு முன் நடந்த பேச்செல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், மறுபடி கிளறவில்லை. நாங்கள் கேட்பது ஒன்றே: சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே கயாக்குகளை இறக்க அனுமதியுங்கள்.

“ஒன்பது மணிக்குப் படம் எடுத்தால் கொக்கு என்ன, காக்கையாகிவிடுமா?” என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்வி என்றே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறோம்.

இரவில் தரை குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து அசையாமல் படிந்துவிடும். மேலே வீசும் காற்று அதைத் தாண்டிக் கீழே வராது. விடிகாலையில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடப்பது இதனால்தான். வெயில் ஏறித் தரை சூடானதும் மேல்காற்றும் கீழ்காற்றும் கலந்து சிற்றலை கிளம்பும். பெரும்பாலான நாட்களில் ஒன்பது மணிக்குள் இது நடந்து முடிந்துவிடுகிறது.

சிற்றலைதானே என்று நினைக்கலாம். தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் 400 எம்எம் லென்ஸ் பொருத்திய முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவுக்கு மேலும் கீழுமாகத் தெரிவது ஏறத்தாழ மூன்றரை பாகைதான். பக்கவாட்டில் நிற்கும் பறவையைப் பார்த்துக் கேமராவைப் பிடித்திருக்கும்போது படகு நான்கு பாகை உருண்டால் பறவை படத்துக்கு வெளியே போய்விடும். முக்காலியும் உதவாது, அது நிற்பதும் ஆடும் படகின்மீதுதானே. லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு கைநடுக்கத்தைச் சமாளிக்கும், படகே உருளும்போது கைவிட்டுவிடும். அசையாத நீரில் 1/250 நொடி ஷட்டர் வேகத்தில் கிடைக்கும் படத்துக்கு, அலையில் 1/1600 வரை போக வேண்டியிருக்கும். அப்போதும் குவியம் (ஃபோகஸ்) பறவையை விட்டு முன்னால் இருக்கும் நாணலைப் பிடித்துக்கொள்ளும்.

மோட்டார் படகு ஒன்று போனால் கதை முடிந்தது. அது கிளப்பும் அலை கரையில் மோதித் திரும்பி வந்து, படகு கண்ணுக்கு மறைந்த பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் மோட்டார் படகுகள் புறப்படுவதும் சரியாக 9 மணிக்குத்தான். இரண்டையும் ஒரே நேரத்துக்கு வைத்தவரின் திட்டமிடலைப் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். வெப்பமண்டலத்தில் சூரியன் மணிக்குக் கிட்டத்தட்ட 15 பாகை நகர்கிறது. ஆறு மணிக்கு உதித்தால் ஒன்பதுக்கு ஏறத்தாழ 40 பாகை உயரத்தில் நின்று மேலிருந்து கடுமையாக அடிக்கும். இருண்ட நீரின் முன் நிற்கும் வெள்ளைக் கொக்கைக் கேமராவின் தானியங்கி அளவீடு வெளிற அடித்துவிடும். ஒரு ஸ்டாப் குறைத்தால், அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தைப் பாதியாக்கினால், இறகு தப்பும், ஆனால் வயிற்றுப் பக்கம் கருத்துப்போகும். கயாக்கில் உட்கார்ந்தால் லென்ஸ் நீர்மட்டத்திலிருந்து இரண்டு, மூன்று அடிதான் இருக்கும். பறவையின் கண்மட்டத்தில் படமெடுக்க வேறு எந்தப் படகும் இப்படி உதவாது. அந்த உயரத்தில் சாய்வெளிச்சம் கிடைப்பது உதயத்தை ஒட்டிய ஒரு மணி நேரம்தான்.

பாதுகாப்பே காரணம் என்கிறது அறிவிப்பு. கவிழ வைப்பவை காற்றும் அலையும், அவை இரண்டும் குறைவாக இருக்கும் நேரத்தைத்தான் நீங்கள் பூட்டியிருக்கிறீர்கள். இருட்டுதான் கவலை என்றால், கடலில் மோதல் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளே, துடுப்புப் படகு வெள்ளை ஒளி விளக்கு ஒன்றைக் கையில் தயாராக வைத்திருந்து உரிய நேரத்தில் காட்டினால் போதும் என்கின்றன. அந்த விளக்கை நாங்கள் கொண்டுவருகிறோம். லைஃப் ஜாக்கெட் கழற்ற மாட்டோம். விசில் ஜாக்கெட்டிலேயே தொங்கும். கேமரா வாயை மூன்று முறை மடித்துப் பூட்டிய நீர்புகாப் பையில் இருக்கும், துடுப்பை ஓரமாக வைத்த பிறகுதான் வெளியே வரும்.

பறவைகளுக்காக என்றால் அதையும் பேசலாம். கயாக் ஓசையில்லாமல் வருவதால் பறவையைத் திடுக்கிட வைக்கும், இதை மறுக்கவில்லை. அதனால்தான் நேராகப் போகாமல் சாய்வாகப் போவதும், தூரத்திலேயே துடுப்பை நிறுத்திப் படகை மிதக்க விடுவதும், பறவை தலை தூக்கினால் விலகுவதும். முக்குளிப்பான் என்னும் நீர்ப்பறவையின் கூடு நீர்ச்செடியில் கட்டிய மிதவை, மோட்டார் படகின் அலை அதில் ஏறினால் முட்டை நனையும். கூடு கட்டும் காலத்தில் நாணல் ஓரத்தை மிதவைக் கயிறு கட்டி அடைத்துவிடுங்கள், எங்களுக்கும் சேர்த்துத்தான். அதைச் செய்யாமல், ஒலிபெருக்கி கட்டிய படகைப் ‘பறவை காணல் உலா’ என்று அனுப்புகிறீர்களே, அதில் போகிறவர்கள் காண்பது பறவையின் முதுகை மட்டும்தான்.

கோபத்தில் சொன்னதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது மாறவில்லை: உதயத்துக்கு அரை மணி முன்பு, கயாக்குகளுக்கு மட்டும். முதலில் மூன்று மாதம் சோதனையாக அனுமதித்தாலும் போதும். இறங்கும் நேரம், திரும்பும் நேரம், கைப்பேசி எண் மூன்றையும் பதிவேட்டில் எழுதிவிட்டே இறங்குவோம். காவலர் அவ்வளவு சீக்கிரம் வர இயலாதென்றால் படகுத்துறைச் சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்பதை மட்டும் முடிவு செய்து, எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கயாக்கில் படமெடுப்போர்