வியன்னாவிலிருந்து தங்கச்சிக்கு: இரண்டாம் குரல் எழுதுறது எப்பிடி

வியன்னா

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். இங்கை மார்கழியிலை பின்நேரம் நாலு மணிக்கே இருட்டுது. இரவு பத்துக்குப் பிறகு வீட்டிலை வாத்தியம் வாசிக்கேலாது, அயலட்டை பேசும். பென்சிலும் கொப்பியும்தான் அந்த நேரத்துக்குத் தோது.

சேர்ச் பாட்டுக்கு நாலு குரல் எழுத வழி கேட்டிருந்தாய். நாலுக்கு ஓடாதை, முதல் இரண்டு குரல். இந்த ஊரிலை 1725இலை யொஹான் யோசெப் ஃபூக்ஸ் எண்ட இசையமைப்பாளர் லத்தீனிலை வெளியிட்ட பாடமுறைதான் இண்டைக்கும் அடிப்படை. பெரிய இசையமைப்பாளர் ஹைடனும் அதை வைச்சுத் தானாய்ப் படிச்சவர். ஃபூக்ஸ் தாற முதல் மெட்டு (கீழ்க்குரல்) உனக்குப் பழக்கமான கரகரப்பிரியா ராகத்தின்ரை சுரங்கள்தான். அதுக்கு மேலைதான் இரண்டாம் குரல்.

கீழ்க்குரல்: ஸ க ரி ஸ ம க ப ம க ரி ஸ
மேல்க்குரல்: ப ப ம ப த நி நி த ஸ' நி ஸ'

(ஸ' எண்டது மேல்ஸ்தாயி.) கீழ்ச்சுரத்தை ஒண்டெண்டு வைச்சு மேலே எண்ணு: 5 3 3 5 3 5 3 3 6 6 8. தொடக்கமும் முடிவும் அஞ்சோ எட்டோ. நடுவிலை மூண்டும் ஆறும்தான் கூடுதல். கடைசிக்கு முந்தின நி மட்டும் காகலி நிஷாதம் (ஸ'வை ஒட்டி நிக்கிற உயர்ந்த நி). கரகரப்பிரியாவிலை அது இல்லை, ஆனால் அதிலை உள்ள கைசிகி (தாழ்ந்த நி) வைச்சால் முடிவு ஸ'விலை வந்து இறுகாது.

எங்கடை காது பிழைக்கிற இடம் அஞ்சாம் இடைவெளி. ஸ–ப, அடுத்து ரி–த எண்டு இரண்டு குரலும் சேர்ந்து ஏறினால் எங்களுக்கு இனிக்கும், இங்கை சிவப்புக் கோடு விழும். தம்புராவிலை ஸவும் பவும் கலந்து ஒரே நாதமாய் நிக்கிறதுதான் காரணம்: இரண்டு குரலும் அந்த இடைவெளியோடை நகர்ந்தால் ஒரு குரல் கரைஞ்சு போகும். எட்டாமும் அப்பிடித்தான். ஒரு அஞ்சிலை இருந்து மற்ற அஞ்சுக்கு நேரே போகாதை. ஒண்டு ஏற மற்றது இறங்கட்டும். மூண்டாம் இடைவெளியிலை தொடர்ந்து போகலாம், ஆனால் மூண்டு தரத்துக்கு மேலை போனால் இரண்டாம் குரல் வெறும் எடுபிடி. ஸவுக்கு மேலை ம எங்களுக்குச் சுகமாய்க் கேட்டாலும், இரண்டு குரலிலை நாலாம் இடைவெளி முரண் (உரசுற இடைவெளி) கணக்கு. முதல் பயிற்சியிலை அதைத் தொடாதை.

பிழை பார்க்கேக்கை கமகம் இல்லாமல் பாடு. காந்தாரத்தை அசைச்சால் மூண்டாம் இடைவெளி சரியோ எண்டு காதுக்குப் பிடிபடாது.

முரணை வேணுமெண்டே வைக்கிற பாடம் நாலாவதாய் வரும். எனக்கு அதுதான் முழு விஷயத்தின்ரையும் உயிர். அதே முடிவை எடு. கீழே க, மேலே ஸ': ஆறு, சுகம். கீழ்க்குரல் ரிக்கு இறங்கட்டும், மேல்க்குரல் ஸ'விலையே நிக்கட்டும்: ஏழு, உரசும். அரைத்தாளம் கழிச்சு மேல்க்குரல் காகலி நிக்கு இறங்கும்: ஆறு. பிறகு இரண்டும் ஸவிலை சேரும். முன்கூட்டியே சுகமாய் நிண்ட சுரம்தான் உரசலாம், உரசினது ஒரு படி கீழேதான் இறங்க வேணும். திடீரெண்டு பாய்ஞ்சு வந்து உரசினால் பாடகர் பிசகினமாதிரிக் கேக்கும்.

நாலு குரலுக்கு வரேக்கை சங்கராபரணத்திலை ஸ–க–ப, ம–த–ஸ, ப–நி–ரி எண்ட மூண்டு கோர்ட்டும் (chord, ஒரே நேரத்திலை ஒலிக்கிற சுரக்கூட்டம்) போதும். மூண்டு சுரம், நாலு குரல், ஆகவே ஒண்டை இரட்டிக்க வேணும். பெரும்பாலும் அடிச்சுரத்தை இரட்டி. ப–நி–ரியிலை நியை மட்டும் இரட்டிக்காதை: இரண்டு நியும் ஸவுக்கு ஓடும், உடனை எட்டாம் இடைவெளிப் பிழை. நாலு குரலும் மேலையிருந்து கீழே சொப்ரானோ, அல்ரோ, ரெனர், பேஸ். சொப்ரானோவுக்கும் அல்ரோவுக்கும் இடையிலை ஒரு ஸ்தாயிக்கு மேலை விடாதை, அல்ரோவுக்கும் ரெனருக்கும் இடையிலையும் அப்பிடியே. பேஸ் தள்ளி நிக்கலாம்.

முதல் அந்தக் கீழ்க்குரலுக்கு உன்ரை மேல்க்குரல் அஞ்சாறு எழுதி, ஒவ்வொரு சோடிக்கும் கீழே இலக்கம் போட்டுப் படம் எடுத்து அனுப்பு. அம்மாவைக் குளிசையை நேரத்துக்குப் போடச் சொல்லு.

அன்புடன்,
அண்ணா