ஓல்ட் கோவா மெழுகுவர்த்தி அக்காவுக்கு ஒரு பெரிய நன்றி

பாம் ஜீசஸ் பசிலிக்கா பக்கத்துல மெழுகுவர்த்தி விக்கிற அக்கா, பேர் தெரியாது, இந்த நன்றி உங்களுக்குத்தான். வெயில்ல அம்மாவுக்கு தலை சுத்துனதும் உட்கார்ந்திருந்த ஸ்டூல குடுத்து, எங்கிருந்தோ கோகம் சர்பத் வாங்கிட்டு வந்து குடிக்க வச்சு, காசு நீட்டுனா என் கைய மடக்கி விட்டுட்டாங்க, அவங்க கொங்கணி எனக்குப் புரியல ஆனா திட்டுறாங்கன்னு மட்டும் புரிஞ்சுது!

அம்மா தூத்துக்குடிக்காரங்க, சவேரியார பாக்காம வரமாட்டேன்னு ஒரே அடம். தெளிஞ்சதும் உள்ள போயி அவர் உடல் இருக்குற அந்த வெள்ளிப் பேழைய ஆசை தீர பாத்தாங்க. எதிர்ல சே கதீட்ரல், 1776ல ஒரு கோபுரம் இடிஞ்சு இப்பவும் ஒத்தக் கோபுரம்தான், எவ்ளோ பெருசு! இந்த ஓல்ட் கோவாவே கொள்ளைநோய்ல காலியான போர்த்துகீசியத் தலைநகரமாம்!

அங்க போறவங்க மெழுகுவர்த்திய அந்த அக்காகிட்டயே வாங்குங்கப்பா, பச்சைக் குடை வச்சிருப்பாங்க.